ஆட்கள் நின்று காட்டிய கோடு

ராணுவக் கிடங்குகளுக்கு இடம் ஒதுக்கிய ஒரு வரைபடத்தை நான் சோடா உப்புப் போட்டு வேகவைத்து, அலசி, கொல்லைக் கொடியில் காயப்போட்டு, அதில் குழந்தைக்குச் சட்டை தைத்திருக்கிறேன். உலகத்தில் யாரும் செய்யாத காரியம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் செய்ததுதான். அவர்கள் துவைத்தது கெட்டுப்போன வரைபடங்களை, நான் துவைத்தது கெடாத ஒன்றை. வித்தியாசம் அவ்வளவுதான்.

யுத்த காலம் அது. குண்டு விழும் என்ற பயத்தில் சென்னையில் பாதி ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிப்போய், விழாததால் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி வந்திருந்த சமயம். துறைமுகத்தை ஒட்டிச் சாமான்களைக் குவித்து வைத்திருப்பது ஆபத்து என்று ராணுவத்துக்குத் தோன்றிவிட்டது. டயர், கூடாரத் துணி, லாரி உதிரிபாகம், தகர டப்பாவில் அடைத்த சாப்பாடு, இதையெல்லாம் ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டும். ஆனால் ரயிலும் பக்கத்தில் இருக்க வேண்டும், சாலையும் பக்கத்தில் இருக்க வேண்டும், மழைக்குத் தண்ணீர் நிற்கக் கூடாது. ஆவடிப் பக்கத்துச் சரளை மேடுகள் அவர்கள் கண்ணில் பட்டன. நிலம் எடுப்பதற்கென்று தனியாக ஒரு தாசில்தாரைப் போட்டு, ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஓட்டு வீட்டை அலுவலகமாக்கினார்கள். அதில் நான் வரைபடம் நகல் எடுக்கிற வேலையில் சேர்ந்தேன்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. அம்பத்தூரில் அக்கா வீட்டில் இருந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படம் வரைவதில் நான்தான் முதல். அந்த ஒரு சாமர்த்தியத்தை வைத்துக்கொண்டு வேறு எதிலும் நான் உருப்படவில்லை என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆம்பளைகள் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் பெண்பிள்ளைக்கும் வேலை கிடைத்தது. அத்தானும் பர்மா எல்லைப் பக்கம் எங்கோ இருந்தார். அக்கா முழுகாமல் இருந்தாள்.

வேலை இதுதான். கிராம வரைபடத்தின் மேல் நகல் துணியை விரித்து, நாலு மூலையிலும் ஊசி குத்தி, கோட்டுப் பேனாவில் மை தொட்டு, வயல் எல்லைகளை ஒன்று விடாமல் மேலே இழுக்க வேண்டும். பிறகு ராணுவ என்ஜினீயர் துரை வந்து அந்த நகலின் மேல் கிடங்குகளைப் பென்சிலால் நீள நீளமாகப் போடுவார். நான் அவற்றை மையில் எழுப்புவேன். ஒரு கட்டம் என்பது ஒரு கிடங்கு. நாலு கட்டம் போட எனக்குக் கால் மணி நேரம் ஆகும். நாலு கிடங்கு வந்து உட்கார்ந்தால் எத்தனை ஏர் நிற்கும் என்று அப்போது நான் யோசித்ததில்லை. கோடு நடுங்காமல் வந்ததா, முனையில் மை பொட்டு வைக்காமல் நின்றதா, அதுதான் என் கவலை. என் கோடுகளைப் பற்றி எனக்குக் கர்வம் அதிகம்.

நகல் துணி என்று சொன்னேனே, அதைப் பற்றிச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. அது பார்க்கக் காகிதம் மாதிரி விறைப்பாக, லேசான நீலத்தில், ஒரு பக்கம் பளபளவென்று இருக்கும். ஆனால் அசல் துணி. உயர்ந்த ரக மல்லுத் துணிக்குக் கஞ்சி ஏற்றி அப்படி ஆக்கியிருப்பார்கள். கொதிக்கிற தண்ணீரில் சோடா உப்போடு போட்டால் கஞ்சியும் மையும் கழன்றுகொண்டு, பூப்போல் துணி மிஞ்சும். கடையில் முழத்துணிக்கு வரிசையில் நின்று சண்டை போட்ட நாட்கள் அவை. அப்படிப்பட்ட துணியைக் குப்பையில் போடுவார்களா? கெட்டுப்போன நகல்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைப்போம். சனிக்கிழமை மத்தியானம் முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொண்டு போகலாம். தாசில்தார் உட்பட எல்லோருக்கும் முறை உண்டு. அவருடைய கைக்குட்டையில் ஒரு கிராமத்தின் சுடுகாட்டு எல்லை மங்கலாகத் தெரிந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சித்திரை மாதம் ஒரு புது இடத்துக்கு வேலை தொடங்கியது. சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே பெரிய மேய்ச்சல் வெளி. அதன் கிழக்கே ஒரு ஏரி. ஏரிக்குக் கீழே ஒரு சிறிய கிராமம், இருபத்தேழு வீடு. கிராம வரைபடத்தில் அந்த வெளி முழுவதும் ஒரே எண், உள்ளே ஒரு கோடு கிடையாது. கிணறு இல்லை, தோப்பு இல்லை, கால்வாய் இல்லை. துரைக்கு வாயெல்லாம் பல். வடக்கே ஒரு வரிசை, தெற்கே ஒரு வரிசை, நடுவில் ரயில் கிளைப்பாதை என்று பென்சிலால் ஒரே மூச்சில் போட்டுவிட்டுப் போனார்.

மறு வாரம் அந்த ஊரிலிருந்து ஒருவர் மனுவோடு வந்தார். ஏரித் தண்ணீரை வயல் வயலாகப் பங்கிட்டு விடுகிற பொறுப்பு அவருடையது. நாற்பது வயதிருக்கும். நெடுநெடுவென்று, கழுத்து நரம்பு புடைக்கப் பேசுகிறவர். தாசில்தார் வெளியே போயிருந்தார். பேனாவும் செருப்புமாக ஒரு பெண்ணைக் கண்டதும் வந்தவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, அந்த வெளியில கொடவுனு கட்டப் போறாங்கன்றாங்களே, நெசமா?"

"நான் டீச்சர் இல்லை. ஆமாம், கட்டத்தான் போகிறார்கள்."

"அப்பால எங்க ஏரிக்குத் தண்ணி எப்புடி வரும்?"

வரைபடத்தைக் காட்டி, இதில் கால்வாயே இல்லையே என்றேன். சற்று அதட்டலாகவே சொன்னேன் என்று ஞாபகம். அவர் என் விரலைப் பார்த்தாரே தவிர வரைபடத்தைப் பார்க்கவில்லை.

"கால்வா ஏது? வெட்டுனாத்தான கால்வா. நாங்க கரை போடுவோம்."

அவர் சொன்னதை முழுதாக விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மழை பெய்தால் மேற்கேயிருந்து தண்ணீர் அந்த வெளி முழுவதும் பரவிக்கொண்டு வரும். தானாக விட்டால் சாலைப் பள்ளத்தில் இறங்கி எங்கோ போய்விடும். அதனால் வருஷா வருஷம் புரட்டாசிக் கடைசியில் வீட்டுக்கு ஒரு ஆள் மம்மட்டியோடு போய், வெளியின் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு மண் கரை போடுவார்கள். ஒரு வீட்டுக்கு இருபது தப்படி. அவரவர் பங்கு அவரவருக்குத் தெரியும். தண்ணீர் அந்தக் கரையை அணைத்துக்கொண்டு ஏரிக்குள் போகும். மழை முடிந்ததும் மாடுகள் மிதித்து மிதித்துத் தை மாதத்துக்குள் கரை இருந்த சுவடே இருக்காது. அளக்கிறவர்களோ எப்போதும் கோடையில்தான் வருவார்கள். வெறும் தரையை அளந்து, வெறும் தரை என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

"அந்தக் கரை இல்லன்னா ஏரி இல்ல. ஏரி இல்லன்னா நாங்க இல்ல. அவ்ளோதான்," என்றார்.

எங்கள் தாசில்தார் சுறுசுறுப்பானவர் என்று சொல்ல முடியாது. ஆனால் நியாயம் காதில் விழுந்தால் எழுந்துவிடுவார். அவரே போய்ப் பார்த்தார். ஊர்க்காரர்கள் நடந்து காட்டிய வழியைச் சங்கிலி பிடித்து அளந்து, ஒரு நகலில் சிவப்பு மையால் போட்டுக்கொண்டு வந்தார். தெற்கு வரிசையைக் கொஞ்சம் நகர்த்தினால் நடுவே தண்ணீருக்கு வழி விடலாம். ஊர்க்காரர்கள் அதன் ஓரத்தில் கைநாட்டு வைத்திருந்தார்கள். புதன்கிழமை வருகிறேன், அந்த நகலைக் காட்டுங்கள், சரியாக இருந்தால் மாற்றிக்கொள்கிறேன் என்றார் துரை. காட்டாவிட்டால் பழைய திட்டமே மேலே போய்விடும். வெள்ளிக்கிழமை இது நடந்தது.

சனிக்கிழமை என் முறை.

அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மறுநாள் கோயிலில் ஞானஸ்நானம். குழந்தைக்குப் போட வெள்ளைத் துணி ஒரு சாண் கிடையாது. என் தலை முழுவதும் அந்தச் சட்டைதான். தகரப் பெட்டியின் மேல் ஒரு நகல் கிடந்தது. கறுப்புக் கோட்டின் மேல் கோணல்மாணலாகச் சிவப்புக் கோடு, ஓரமெல்லாம் ஊதா மைக் கறை, புழுதி. இவ்வளவு அசிங்கமாக ஒரு நகலை யார் கெடுத்தார்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே சுருட்டி எடுத்துக்கொண்டேன். பெட்டிக்குள் கிடக்கிறதா, பெட்டி மேல் கிடக்கிறதா என்று பார்க்கவில்லை. என் கையால் வந்த நகலாக இருந்தால் இப்படி இருக்காது என்ற திமிர் வேறு.

ஞாயிற்றுக்கிழமை சட்டையைப் பார்த்துக் கோயிலில் எல்லோரும் மெச்சினார்கள். கையோரத்தில் லேசாக ஊதா படிந்திருந்ததை ஒருத்தி சாயம் ஒட்டியிருக்கிறது என்றாள். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் தாசில்தார் தேட ஆரம்பித்தார். மேஜை மேல் டிபன் காரியர் இருந்ததால் பெட்டி மேல் வைத்தேனே, பெட்டி மேல் வைத்தேனே என்று முணுமுணுத்துக்கொண்டே சுற்றினார். அவர் 'சிவப்புக் கோடு' என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. காற்றில் பறந்தது என்று விட்டிருப்பார்கள். அரை மணி நேரம் அப்படித்தான் மூடிக்கொண்டும் இருந்தேன். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு சொன்னேன்.

"துவைச்சிட்டியா?" என்றார். இரண்டு தடவை கேட்டார்.

"ஆமாம் சார்."

"போய் அதை எடுத்துட்டு வா."

"குழந்தை மேல இருக்கு சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். பெட்டி மேல் வைத்தது தன் தப்பு என்று அவருக்கும் தெரியும் போலிருக்கிறது. அளவுகளைத் தனியாக எழுதி வைத்தீர்களா என்று கேட்டேன். இல்லை, நேரே நகலிலேயே போட்டேன் என்றார். அப்படியானால் மறுபடியும் அளக்க வேண்டும். புதன்கிழமைக்கு முன்னால் கையில் இருந்தது செவ்வாய்க்கிழமை ஒன்றுதான்.

"ஊர்ல போய் நீயே சொல்லு. நீயே கேளு," என்றார். அதுதான் எனக்குத் தண்டனை. நியாயமான தண்டனை.

மத்தியான வெயிலில் இரண்டு மைல் நடந்தேன். தண்ணீர் பங்கிடுகிறவர் வீட்டு வாசலில் கட்டிலில் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்து நான் சொல்வதை முழுவதும் கேட்டார். முதலில் புரியவில்லை. வரைபடத்தை எப்படித் துவைக்க முடியும் என்று கேட்டார். விளக்கினேன். புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"எங்க கைநாட்டத் தொவைச்சு ஊட்டுக் கொழந்திக்கு மாட்டிகினியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் இரக்கம் கேட்கிற மாதிரி இருக்கும் என்று அடக்கிக்கொண்டேன். நாளைக்குக் காலையில் எல்லோரும் மறுபடி வந்து காட்டினால் நான் கோடு போட்டுவிடுவேன், தப்பில்லாமல் போட்டுவிடுவேன் என்றேன்.

"நாளிக்குச் சந்த. கத்திரிக்கா, கீரை அல்லாம் பறிச்சி வெச்சிகினு கீறாங்க. உனக்கோசரம் அல்லாரும் வேலைய வுட்டுட்டு நிக்கணும், அப்புடித்தான?"

"எனக்காக இல்லை. ஏரிக்காக."

"ஏரி எங்குளுது. நீ சொல்லாத," என்றார். கட்டிலை விட்டு எழுந்து, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வீடு வீடாகச் சொல்லப் போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் நானும் தாசில்தாரும் சங்கிலி பிடிக்கிற இரண்டு ஆட்களும் போனபோது வெளியில் யாரும் இல்லை. வரமாட்டார்கள் என்றே நினைத்தேன். ஏழரை மணிக்கு ஏரிக்கரை மேல் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். வெளிக்குள் இறங்கி, அவரவர் பங்கு தொடங்குகிற இடத்தில் போய் நின்றார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெறும் தரையில் ஒரு கோடு உண்டாகிவிட்டது. நேர்க்கோடு இல்லை. நடுவில் வளைந்து, ஒரு இடத்தில் பின்னுக்கு வந்து, மறுபடி முன்னால் போய், ஏரியின் மூலைவரை. இருபத்தேழு பேர். கண்ணுக்குத் தெரியாத ஒரு கரையின் மேல் நிற்பதுபோல் நின்றார்கள். நான் அதுவரை நூறு கிராமமாவது மையில் இழுத்திருப்பேன். ஒரு கோட்டின் மேல் ஆட்கள் நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூன்று இடத்தில் பெண்கள் நின்றார்கள். புருஷன்மார் ராணுவத்தில் லாரி ஓட்டப் போய்விட்டார்களாம். அவர்களில் ஒருத்தி என் வயசுக்காரி. இடுப்பில் கீரைக்கூடை. சந்தைக்குப் போகிற அவசரம் அவளுக்கு. அளவை எழுதிக்கொண்டே, இதுதான் உன் இடம் என்று எப்படித் தெரியும், ஒரு கல்கூட நட்டு வைக்கவில்லையே என்று கேட்டேன்.

"எங்க மாமியாரு இங்கதான் நின்னுச்சு. நான் வேற எங்க போய் நிக்கறது?" என்று சிரித்தாள்.

சங்கிலி ஒவ்வொருவர் காலடியிலும் போய் நின்றது. நான் ஒவ்வொரு அளவையும் புத்தகத்தில் எழுதி, தாசில்தாரிடம் வாய்விட்டுப் படித்து, அவர் தலையசைத்த பிறகுதான் அடுத்ததற்குப் போனேன். பத்து மணிக்கு முடிந்தது. அதற்குள் சந்தை பாதி கலைந்திருக்கும். ஓரத்தில் மறுபடி கைநாட்டு வைத்தார்கள். தண்ணீர் பங்கிடுகிறவர் கடைசியாக வைத்தார்.

"இத்தயாவது தொவைக்காம வையி, டீச்சரம்மா."

அன்று சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து அந்த நகலைப் போட்டேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல நகல் போட்டதில்லை. இருபத்தேழு புள்ளியையும் வைத்து, அவற்றின் ஊடே சிவப்புக் கோட்டை ஒரே இழுப்பில் கொண்டுபோனேன். புதன்கிழமை துரை வந்தார். இந்தக் கோடு ஏன் இப்படிக் குடித்தவன் மாதிரி போகிறது என்று தாசில்தாரிடம் கேட்டார். தண்ணீர் அப்படித்தான் போகும் என்றார் தாசில்தார். துரை தெற்கு வரிசையை அழித்து அறுபது கஜம் தள்ளிப் போட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தார். இரண்டு வரிசைக்கும் நடுவில் என் சிவப்புக் கோட்டுக்கு வழி கிடைத்தது. தண்டவாளத்தின் கீழே தண்ணீர் போக ஒரு மதகும் எழுதிச் சேர்த்தார்கள்.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். தரையில் கால் பாவவில்லை. ஒரு ஊரைக் கெடுக்க இருந்தேன், காப்பாற்றிவிட்டேன் என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். கோயிலில் இரண்டு பேரிடம் பீற்றிக்கொண்டேன். குழந்தையின் சட்டையைக் காட்டிக் கதை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். இடம் ஒதுக்குவது என்றால் என்ன என்று தெரிந்துகொண்டுவிட்டேன் என்றே நினைத்தேன். கேட்க வேண்டியவர்களைக் கேட்டு, விட வேண்டியதை விட்டு, மிச்சத்தை எடுத்துக்கொள்வது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கிடங்குகள் மளமளவென்று எழுந்தன. ஆடி மாதத்துக்குள் தகரக் கூரை மின்ன ஆரம்பித்தது. கிளைப்பாதையில் சரக்கு வண்டிகள் வந்து நின்றன. ஏற்ற இறக்க ஆள் வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு முதல் உரிமை என்றார்கள். அதுவும் நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன். மழையைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் வாரா வாரம் கூலி வாங்குகிற வேலை யாருக்குக் கசக்கும்? ரயிலில் போகும்போது அந்த ஊர் ஆட்கள் காக்கி நிஜாரோடு மூட்டை தூக்குவதைப் பார்ப்பேன்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் பங்கிடுகிறவர் அலுவலகத்துக்கு வந்தார். தாசில்தார் ஊரில் இல்லை. இந்தத் தடவை அவர் என்னைத் தேடித்தான் வந்திருந்தார்.

"கொடவுனு கேட்டுல உன்ன உள்ள வுடுவாங்களா?"

என்னிடம் அனுமதிச் சீட்டு இருந்தது. எதற்கு என்றேன்.

"எங்க ஆளுங்கள ரெண்டு நாளிக்கு அனுப்பச் சொல்லணும். கரை போடணும். மழ வந்துகினே கீது."

இரண்டு பேருமாகப் போனோம். வாசலில் இருந்த மேஸ்திரி, நான்கு சரக்கு வண்டி காலியாகாமல் நிற்கிறது, ஒரு ஆளைக்கூட விட முடியாது என்றார். நான் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷும் தமிழும் கலந்து வரும். அவர் அசையவில்லை. அதற்குள் சத்தம் கேட்டு வேலிக்கு உள்ளே ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். எல்லாம் அந்த ஊர் ஆட்கள். சித்திரை மாதம் வெளியில் வரிசையாக நின்றவர்கள். மேஸ்திரி விடாவிட்டால் என்ன, நீங்களே வாருங்கள் என்று தண்ணீர் பங்கிடுகிறவர் கூப்பிட்டார்.

யாரும் நகரவில்லை. ஒருவன் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"ஒரு நாளு வர்லன்னா பேர அட்ச்சிடுவான் மாமே. அப்பால வேற ஆளு வந்துடுவான். ஏரி ரொம்பனாலும் அறுப்பு தையிலதான. அதுமட்டும் ஊட்ல இன்னா பண்றது?"

அவன் பேசியதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

வீட்டில் மிஞ்சியவர்கள் கரை போடப் போனார்கள். பெண்கள், முடியாதவர்கள் என்று பன்னிரண்டு பேர். நானும் போனேன். அக்காவிடம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். கீரைக்கூடைக்காரி தன் பங்கை ஒட்டிய இருபது தப்படியை எனக்குக் காட்டினாள். நான் மம்மட்டி பிடித்த அழகைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்து உடைந்தன. ஆளுக்கு இரண்டு பங்கு என்று பிரித்துக்கொண்டும் கரை முக்கால் தூரம் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

தண்ணீர் வந்தது. மேற்கேயிருந்து புல்லைச் சாய்த்துக்கொண்டு, பழுப்பாக, அகலமாக வந்து, கரையில் முட்டித் திரும்பியது. கிடங்கு வரிசைகளுக்கு நடுவே, மதகுக்குள் நுழைந்து, நான் போட்ட சிவப்புக் கோட்டின் மேலேயே போயிற்று. ஒரு அடி விலகவில்லை. பிறகு கரை இல்லாத இடத்துக்கு வந்தது. அங்கே விரிந்து, தயங்காமல், சாலைப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஏரியின் மூலை கண்ணுக்கு எதிரே இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மழையிலும் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் பங்கிடுகிறவர் என் பக்கத்தில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

"கோடு சரியாத்தான் போட்டுகிற டீச்சரம்மா," என்றார். "நிக்கத்தான் ஆளு இல்ல."

அந்த வருஷம் ஏரி பாதிகூட நிறையவில்லை. ஏரியின் கடைசி மதகுக்குக் கீழே இருந்த வயல்கள் அப்படியே கிடந்தன. அவருடையதும் அதில் ஒன்று. பொங்கலுக்கு முன்னால் அவரும் கிடங்கு வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

மழை விட்ட பிறகு அலுவலகத்துக்குப் போனபோது என் மேஜை மேல் வேறொரு கிராமத்தின் வரைபடம் விரித்துக் கிடந்தது. தாசில்தாரிடம், இந்த ஊரில் எத்தனை வீடு, அவர்கள் தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள், கிடங்கு வந்த பிறகு அதை யார் செய்வார்கள் என்று கேட்டேன். அவர் என் கைக்கட்டுகளைப் பார்த்தார். அதற்கெல்லாம் நம்மிடம் படிவம் இல்லையம்மா என்றார், இளக்காரமாக இல்லை, உண்மையாகவே வருத்தத்தோடு. துரை பதினோரு மணிக்கு வருகிறார் என்றும் சொன்னார். நான் துணியை விரித்து, நாலு மூலையிலும் ஊசி குத்தி, பேனாவில் மை தொட்டு, முதல் கோட்டை இழுத்தேன்.